கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் யாரிடம் போவது?

தாராவி 90 அடி ரோட்டிலும், சயான் கோலிவாடாவிலும், செம்பூரிலும், பத்துக்குப் பத்து அறையில்கூட ஒரு மூலையில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். மேலே பழைய துண்டு ஒன்று போர்த்தியிருக்கும். பெரும்பாலும் அது புதிதாக வாங்கியது அல்ல. ஆபீசில் ஏலம் விட்டபோது எடுத்ததாக இருக்கும். இல்லாவிட்டால் லாமிங்டன் ரோட்டில் பேரம் பேசி வாங்கிய செகண்ட் ஹாண்ட் சரக்காக இருக்கும்.

அந்த ஒரு மெஷினை நம்பி வீட்டில் எத்தனையோ காரியங்கள் நடக்கின்றன. மகளுக்குக் கல்லூரி விண்ணப்பம், மகனுக்குப் பாடம், குமாஸ்தாவுக்கு ஆபீசில் முடியாமல் கொண்டுவந்த கணக்கு, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பும் பணம், நாகர்கோவில் எக்ஸ்பிரசில் இடம் பிடிப்பது எல்லாம் அதில்தான். காலை 8 மணிக்கு டிக்கெட் பதிவு திறக்கும் நேரம் பார்த்துத் திரை நீலமாகி நின்றுவிட்டால், அந்த வீட்டில் அன்று யாருக்கும் காப்பி இறங்காது.

யாரைக் கேட்பது?

ஊரில் சைக்கிள் கோளாறு என்றால் முக்குக் கடைக்காரரைத் தெரியும். அவர் அப்பாவையும் தெரியும். பால்ரஸ் மாற்றினால் கண்ணுக்கு முன்னால்தான் மாற்றுவார். கம்ப்யூட்டர் விவகாரம் அப்படி இல்லை. உள்ளே இருப்பது என்ன என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. ரிப்பேர்காரர் சொல்வதுதான் வேதவாக்கு. அவர் பேசுவதோ மராத்தி, இந்தி, குஜராத்தி.

இப்படித் தவிக்கிறவனுக்கு உதவி இரண்டு வழியில் கிடைக்கிறது. அவனே தேடிப் போவது ஒரு வழி. அவனைத் தேடிக்கொண்டு வருவது இன்னொரு வழி. தேடிப் போன இடத்தில் ஐந்நூறோ ஆயிரமோ அதிகமாகப் பிடுங்கிவிடலாம். தேடி வருகிறவனிடம் சிக்கினாலோ, பேங்கில் இருப்பது அத்தனையும் போய்விடும்! முதலில் இவனைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது.

திரையில் அலறும் சங்கு

கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று திரை முழுவதும் சிவப்பாகும். சங்கு ஊதுவதுபோல் அலறல் கேட்கும். "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது. ஆப் செய்யாதீர்கள். உடனே இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள்" என்று எழுத்து மின்னும். பெரிய கம்பெனியின் முத்திரையும் பக்கத்தில் இருக்கும்.

அது வைரஸ் அல்ல. சினிமா போஸ்டர் மாதிரி, வெறும் ஒரு பக்கம். மைக்ரோசாப்ட் கம்பெனி இது பற்றித் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: அதன் எச்சரிக்கை அறிவிப்பு எதிலும் டெலிபோன் நம்பர் இருக்காது. நம்பர் இருந்தால் அது பித்தலாட்டம். இந்த ஒரு அடையாளம் போதும்.

எஸ்கேப் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் திரையை அடைத்திருக்கும் பக்கம் சுருங்கும். பிறகு அதை மூடிவிடலாம். மூட முடியாவிட்டால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் பிரவுசரை நிறுத்தலாம். அதுவும் கைகொடுக்காவிட்டால் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி அணைத்துவிடலாம். ஒன்றும் குடிமுழுகிவிடாது. மறுபடி போடும்போது "பழைய பக்கங்களைத் திறக்கவா?" என்று கேட்டால் மட்டும் வேண்டாம் என்று சொல்லவேண்டும்.

பயந்துபோய் அந்த நம்பருக்குப் போன் செய்தால் என்ன ஆகும்?

மறுமுனையில் குரல் தேனாக இனிக்கும். "கவலைப்படாதீர்கள் சார், நான் இருக்கிறேன்" என்று தைரியம் சொல்லும். ஈவென்ட் வியூவர் என்ற பதிவேட்டைத் திறக்கச் சொல்லும். கம்ப்யூட்டர் தனக்குள் நடப்பதை எல்லாம் குறித்துவைக்கும் பேரேடு அது. அதில் சிவப்புக் குறியும் மஞ்சள் குறியும் வரிசையாக இருக்கும். "பார்த்தீர்களா, இத்தனை இடத்தில் வைரஸ்!" என்பான் ஆசாமி. உண்மையில் நல்ல ஆரோக்கியமான கம்ப்யூட்டரிலும் அந்தக் குறிகள் இருக்கும். ஏதோ ஒரு புரோகிராம் ஒரு நொடி தாமதமாகத் தொடங்கினால்கூட அங்கே ஒரு வரி விழுந்துவிடும்.

அடுத்தபடி, எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற ஒரு மென்பொருளை இறக்கச் சொல்வான். இவை நல்ல காரியத்துக்காகச் செய்யப்பட்ட கருவிகள்தான். புனாவில் இருக்கும் மகன் மும்பையில் இருக்கும் அப்பாவின் கம்ப்யூட்டரைச் சரிசெய்யவும் இவைதான் பயன்படுகின்றன. ஆனால் முன்பின் தெரியாதவனிடம் அதில் வரும் எண்ணைச் சொல்வது, வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொள்வதற்குச் சமம். அதன்பின் சுட்டெலி தானாக நகரும். வீட்டுக்காரர் வேடிக்கை பார்க்கவேண்டியதுதான்.

சிலர் நேரே பணம் கேட்பார்கள். கைதேர்ந்தவர்களோ பணம் கொடுப்பதாகச் சொல்வார்கள். "நீங்கள் கட்டிய சர்வீஸ் கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம், பேங்கு கணக்கைத் திறந்து பாருங்கள்" என்பார்கள். திறந்தால், இரண்டாயிரம் வரவேண்டிய இடத்தில் இருபதாயிரம் வரவாகியிருக்கும்! "ஐயோ, தவறி ஒரு பூஜ்யம் அதிகம் போட்டுவிட்டேன். என் வேலை போய்விடும். மீதியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்" என்று அழுவான். இரக்கப்பட்டு அனுப்பினால் தீர்ந்தது. வரவு என்று தெரிந்ததே பொய். திரையில் இருக்கும் பக்கத்தின் எழுத்தை மாற்றிக் காட்டுவது ஒரு நிமிட வேலை. பேங்கின் கணக்கில் ஒரு பைசாவும் ஏறியிருக்காது. போனது மட்டும் நிஜமான பணம்.

இந்த வித்தை இந்த நாட்டிலிருந்தே வெளிநாட்டுக் கிழவர் கிழவிகள் மீது வருடக்கணக்காக நடந்துவந்தது. 2023 அக்டோபரில் சி.பி.ஐ. "சக்ரா-2" என்ற பெயரில் 76 இடங்களில் சோதனை போட்டது. கம்ப்யூட்டர் உதவி என்ற பெயரில் வெளிநாட்டவரை ஏமாற்றிய கால் சென்டர்கள் மீதான வழக்குகளும் அதில் அடக்கம். வெளிநாட்டானிடம் இங்கிலீஷில் பேசத் தெரிந்தவனுக்கு உள்ளூரில் இந்தியிலும் தமிழிலும் பேச ஆள் பிடிப்பது கஷ்டமா என்ன?

கூகுளில் கிடைத்த நம்பர்

சங்கு ஊதாமலும் வலை விரிப்பது உண்டு. பிரிண்டர் வேலை செய்யவில்லை. கம்பெனியின் உதவி நம்பர் என்ன என்று கூகுளில் தேடுகிறார் ஒருவர். முதலில் வருவது விளம்பரம். காசு கொடுத்தால் யாரும் அங்கே விளம்பரம் போடலாம். நம்பர் கம்பெனியுடையதுதானா என்பதற்கு அந்த இடம் அத்தாட்சி அல்ல. போன் செய்தால் "பத்து ரூபாய் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று ஒரு லிங்க் வரும். பத்து ரூபாய்தானே என்று அதில் கார்டு நம்பரைத் தட்டினால், பிறகு போவது பத்து ரூபாய் அல்ல.

சரியான நம்பர் இருக்கும் இடம் மெஷின் வந்த அட்டைப்பெட்டி, வாரண்டி புத்தகம், அல்லது மெஷினின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டு. பெட்டியைக் கழித்துக்கட்டியிருந்தால் கம்பெனியின் சொந்த முகவரிக்குப் போய்ப் பார்க்கவேண்டும். எந்தக் கம்பெனிக்காரனும் ஓ.டி.பி. கேட்கமாட்டான். யு.பி.ஐ. ரகசிய எண் பணம் கொடுப்பதற்குத்தான். வாங்குவதற்கு அதைத் தட்டவேண்டியதே இல்லை.

சிக்கிவிட்டால்?

வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் சொல்லாமல் இருப்பதுதான் பெரிய நஷ்டம். பலர் செய்வது அதுதான். ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணம் போனதை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று நான்கு நாள் தூங்காமல் இருந்துவிட்டுப் பிறகு போலீசுக்குப் போகிறார்கள். அதற்குள் பணம் ஐந்தாறு கணக்குகளைத் தாண்டி எங்கோ ஒரு ஏ.டி.எம்.மில் நோட்டாக இறங்கியிருக்கும்.

முதல் வேலை, கம்ப்யூட்டரின் இன்டர்நெட் இணைப்பைப் பிடுங்குவது. வைபை பெட்டியை அணைத்தாலும் சரி. உடனே வேறு டெலிபோனிலிருந்து பேங்குக்குச் சொல்லிக் கணக்கை முடக்கவேண்டும். அடுத்து 1930 என்ற நம்பர். நாடு முழுவதற்கும் இது ஒன்றுதான். பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் ஆகியவற்றைச் சொன்னால், புகார் சம்பந்தப்பட்ட பேங்குகளுக்குப் போகும். பணம் இன்னும் எந்தக் கணக்கிலாவது தங்கியிருந்தால் அங்கேயே அதை நிறுத்திவைப்பார்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது என்று எல்லோரும் சொல்வதன் காரணம் இதுதான். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசு தளத்திலும் புகாரைப் பதியலாம். பாஸ்வேர்டுகளை மாற்றும்போது அந்தக் கம்ப்யூட்டரில் மாற்றக்கூடாது. வேறு மெஷினில் மாற்றவேண்டும்.

"எங்கள் எல்லை இல்லை, வேறு ஸ்டேஷனுக்குப் போ" என்று சொல்லவும் இப்போது இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரைப் பெறலாம் என்கிறது.

பேங்கு பணத்தைத் திருப்பித் தருமா? ரிசர்வ் பேங்கு 2017 ஜூலை 6-ந் தேதி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பேங்கின் மீதும் தவறில்லை, வாடிக்கையாளர் மீதும் தவறில்லை, வேறு எங்கோ ஓட்டை என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் இல்லை என்றது அது. ஆனால் ரகசிய விவரங்களை அவரே கொடுத்துவிட்டிருந்தால், பேங்குக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் அவர் தலையில். தெரிவித்த பிறகு போவது பேங்கின் பொறுப்பு. ஆகவே ஏமாந்தவருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை இருக்கிறது.

லாமிங்டன் ரோடு

இனி, தேடிப் போகும் உதவி.

மும்பையில் கம்ப்யூட்டர் என்றால் லாமிங்டன் ரோடுதான். சென்னைக்கு ரிச்சி தெரு, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு, டெல்லிக்கு நேரு பிளேஸ் என்பதுபோல. டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்பது அதன் சர்க்கார் பெயர். பழைய கவர்னர் லாமிங்டன் பிரபுவின் பெயர்தான் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1975-ல் வெளியான "ஷோலே" ஐந்து வருடம் ஓடிய மினர்வா தியேட்டர் இருந்த ரோடு இதுதான். மேற்கு ரெயில்வேயில் கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கே சிறிது தூரம் நடக்கவேண்டும். தாராவிக்காரர்கள் மாஹிமிலோ மாதுங்கா ரோட்டிலோ ஸ்லோ வண்டி பிடித்தால் நேரே போய் இறங்கலாம். ஒரே இடைஞ்சல், கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு காலை வண்டியில் ஏற முடியாது. பதினோரு மணிக்கு மேல் போவதுதான் சரி. கடைகளும் அப்போதுதான் முழுதாகத் திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பது, வாரம் ஆறு நாள் வேலை பார்ப்பவர்களுக்குச் சங்கடம்தான்.

அங்கே நல்ல கைவேலைக்காரர்கள் இருக்கிறார்கள். மதர்போர்டில் கடுகளவு இருக்கும் சில்லைச் சூட்டுக் காற்றால் எடுத்து வேறு சில்லைப் பதிக்கிறவர்கள் உண்டு. கம்பெனி சர்வீஸ் சென்டர் "போர்டையே மாற்றவேண்டும்" என்று மெஷின் விலையில் பாதியைக் கேட்கும் இடத்தில், இவர்கள் அதில் சிறு பங்குக்கு உயிர் கொடுத்து அனுப்புவதும் உண்டு. அதே வரிசையில், வெறும் தூசியைத் தட்டிவிட்டு "பவர் ஐ.சி. மாற்றினேன்" என்கிறவனும் இருக்கிறான். வெளியே பார்த்தால் இரண்டு கடையும் ஒன்றுபோல்தான் இருக்கும்.

வித்தியாசம் தெரியும் இடம் காகிதம். நல்ல கடைக்காரர் மெஷினைக் கையில் வாங்கியதும் ஜாப் ஷீட் எழுதுவார். மெஷினின் சீரியல் நம்பர், உள்ளே இருக்கும் ராம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு, சார்ஜர் கொடுத்தாரா இல்லையா, கோளாறு என்ன, உத்தேசச் செலவு எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். "அதெல்லாம் எதற்கு, பரோசா ரக்கோ பாய்" என்கிறவரிடம் மெஷினைக் கொடுத்துவிட்டு வரக்கூடாது. எட்டு ஜி.பி. ராமோடு உள்ளே போனது நான்கு ஜி.பி.யோடு வெளியே வந்தால், பரோசாவைக் காட்டி எங்கே போய் வழக்குப் போடுவது?

பாகம் மாற்றினால் பழைய பாகத்தைக் கேட்டு வாங்கவேண்டும். சிலருக்கு இதைக் கேட்கக் கூச்சம். காசு கொடுத்து வாங்கிய தன் பொருளைக் கேட்பதில் கூச்சம் எதற்கு?

அடுத்தது பில். "கச்சா பில் போதுமா, பக்கா பில்லா? பக்கா என்றால் 18 சதவீதம் கூடும்" என்பார்கள். அந்த 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அதை மிச்சம் பிடிக்க ஆசைப்பட்டு வெறும் சீட்டோடு வருகிறவருக்கு, மூன்று மாதத்தில் டிஸ்க் செத்தால் வாரண்டி கேட்க வாயில்லாமல் போகிறது. நல்ல கம்பெனியின் டிஸ்குக்கு மூன்று வருடம், ஐந்து வருடம் என்று வாரண்டி இருக்கும்போது இது வீண் நஷ்டம். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறிய கடையானாலும் கடைப்பெயர், தேதி, செய்த வேலை எழுதிய ரசீது தரலாம். 2019-ம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தராமல் இருப்பதே நேர்மையற்ற வியாபாரம்.

"ஃபார்மட் பண்ணிடலாம்!"

கடைப் பையன்கள் கையில் ஒரு சர்வரோக நிவாரணி இருக்கிறது. மெஷின் மெதுவாக ஓடுகிறதா? ஃபார்மட். பிரிண்டர் வேலை செய்யவில்லையா? ஃபார்மட். திறக்கவே இல்லையா? கேட்கவேண்டாம், ஃபார்மட்!

இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு விண்டோசைப் புதிதாகப் போடுவதுதான் ஃபார்மட். அவர்களுக்கு அது சுலபம். கோளாறைத் தேட வேண்டாம். ஆனால் அந்த டிஸ்கில் மகளின் கல்யாணப் போட்டோ இருக்கலாம். இறந்துபோன அப்பாவின் குரல் பதிவு இருக்கலாம். பத்து வருடச் சங்கக் கணக்கு இருக்கலாம். மெஷினைப் போல இன்னொன்று வாங்கலாம். இவற்றை லாமிங்டன் ரோடு முழுவதும் தேடினாலும் வாங்க முடியாது.

எனவே கொடுப்பதற்கு முன்பே, மெஷின் எழுந்திருக்கும் நிலையில் இருந்தால், முக்கியமானவற்றை வெளி டிஸ்கிலோ பென் டிரைவிலோ எடுத்துவைத்துவிடவேண்டும். எழுந்திருக்கவில்லை என்றால், "டேட்டா வேண்டும், என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக்கூடாது" என்று ஜாப் ஷீட்டிலேயே எழுதி வாங்கவேண்டும். டிஸ்கிலிருந்து "டிக், டிக்" என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடவேண்டும். மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தால் உள்ளே சுழலும் தட்டில் கீறல் விழுந்து, மீட்க முடிந்ததும் போய்விடும்.

தவறி ஃபார்மட் ஆகிவிட்டாலும் உடனே இடிந்துபோக வேண்டியதில்லை. பழைய மாதிரி ஹார்ட் டிஸ்கில், அதன்மேல் புதிதாக எதையும் எழுதாமல் வைத்திருந்தால், பெரும்பகுதியை மீட்கும் வழி உண்டு. எஸ்.எஸ்.டி. என்றால் கஷ்டம்.

இப்போது புதிதாக ஒரு தலைவலி வந்திருக்கிறது. புதிய விண்டோஸ் 11 மெஷின்கள் பலவற்றில் டிஸ்க் முழுவதும் தானாகவே பூட்டிக்கொள்கிறது. மதர்போர்டை மாற்றிய பிறகு 48 இலக்கச் சாவி எண்ணைக் கேட்கும். அந்த எண் இல்லாவிட்டால் கடைக்காரரும் ஒன்றும் செய்ய முடியாது. மெஷினை முதன்முதலில் தொடங்கியபோது போட்ட மைக்ரோசாப்ட் கணக்கில் அந்த எண் இருக்கும். அந்தக் கணக்கை உண்டாக்கியது, மெஷின் விற்ற பையன் தன் இஷ்டத்துக்குப் போட்ட ஏதோ ஒரு இ-மெயில் என்றால்? ஆகவே மெஷின் நன்றாக ஓடும்போதே தன் சொந்த இ-மெயிலில் கணக்கைப் போட்டு, அந்த 48 எண்ணையும் ரேஷன் கார்டு வைத்திருக்கும் பெட்டியில் எழுதிவைப்பது நல்லது.

வீட்டுப் பெண்களின் போட்டோ, பேங்கு பாஸ்வேர்டு ஆகியவற்றோடு மெஷினை அப்படியே கொடுப்பதும் ஆபத்து. பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை நீக்கிவிடலாம். ரிப்பேர்காரருக்கென்று தனியாக ஒரு யூசர் கணக்கை உண்டாக்கிக் கொடுக்கலாம். ராமையோ திரையையோ மாற்றுவதற்குச் சொந்தப் பாஸ்வேர்டு தேவையே இல்லை.

இன்னொன்று, இனாமாகப் போட்டுத் தரும் திருட்டு விண்டோஸ். அதைத் திறக்க ஒரு "கிராக்" போடுவார்கள். போடும்போது வைரஸ் காவலை அணைத்துவிடுவார்கள். அதோடு எது உள்ளே புகுந்தது என்பது போட்டவனுக்கே தெரியாது. அந்த மெஷினில்தான் மறுநாள் பேங்கு கணக்கைத் திறக்கிறார்கள்!

"இது ஓடாது, புதுசு வாங்குங்க"

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. இதைச் சொல்லிப் பழைய மெஷின்களை அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டு புதியதைத் தலையில் கட்டும் வியாபாரம் நடக்கிறது. பாதி உண்மை, பாதி மிரட்டல். மெஷின் அந்தத் தேதியில் நின்றுவிடவில்லை. பழுது பார்க்கும் திருத்தங்கள் வருவதுதான் நின்றது. விண்டோஸ் 11 போட டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதல். அது இல்லாத மெஷினில் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றைப் போடலாம். விலை கிடையாது. டிக்கெட், பேங்கு, பிள்ளைகளின் பாடம், கடிதம் எல்லாம் நடக்கும். டாலி போன்ற ஆபீஸ் கணக்கு மென்பொருளை வீட்டிலும் ஓட்டவேண்டியவருக்கு மட்டும் அது சரிப்படாது.

மெதுவாக ஓடுகிறது என்பதற்காக மெஷினையே மாற்றுவதும் அவசரம். பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால், ஐந்து நிமிடம் முனகிக்கொண்டு எழுந்த மெஷின் அரை நிமிடத்தில் எழுந்து நிற்கும்.

கடைக்குப் போகாமலே

கடைக்குக் கொண்டுபோகும் கோளாறுகளில் பல, வீட்டிலேயே தீரக்கூடியவை.

பழைய கம்ப்யூட்டரைப் போட்டதும் கடிகாரம் ஏதோ ஒரு பழைய வருடத்தைக் காட்டுகிறது. பேங்கு பக்கத்தைத் திறந்தால் "பாதுகாப்பு இல்லை" என்று மறுக்கிறது. பார்த்தவர் வைரஸ் என்று நடுங்குவார். விஷயம் வேறு. மதர்போர்டில் காசு அளவுக்கு ஒரு பாட்டரி இருக்கிறது. கரண்ட் இல்லாதபோது தேதியை நினைவு வைத்திருப்பது அதுதான். அது தீர்ந்தால் தேதி பின்னுக்குப் போகும். ஒவ்வொரு பேங்கு பக்கத்துக்கும் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் உண்டு. கம்ப்யூட்டரின் தேதி தப்பாக இருந்தால் அந்தச் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும். சி.ஆர். 2032 என்று கேட்டால் கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். நூறு ரூபாய்கூட ஆகாது.

மழைக்காலத்தில் மும்பையில் இன்னொரு கோளாறு. மின்விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. "பீப், பீப்" என்று கத்தும். ஈரக் காற்றில் ராமின் தங்க நிறப் பற்களில் அழுக்குப் படிந்திருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ராமைக் கழற்றி, பள்ளிக்கூடப் பையன் வைத்திருக்கும் ரப்பரால் மெல்லத் துடைத்து, பொடியைத் தட்டிவிட்டு, "கிளிக்" என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினால் பல சமயம் உயிர் வந்துவிடும். தொடுவதற்கு முன் இரும்பு ஜன்னலைத் தொட்டுக்கொள்வது நல்லது. உடம்பில் இருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடும். ஒழுகும் கூரையிலிருந்து தண்ணீர் இறங்கியிருந்தால் மட்டும், காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போட்டுப் பார்க்கவே கூடாது.

கோளாறை விவரிக்கவும் ஒரு வழி இருக்கிறது. இந்தி வரவில்லையே என்று தயங்குகிறவர்கள், திரையில் வரும் செய்தியை மொபைலில் போட்டோ பிடித்துக்கொண்டு போகலாம். நீலத் திரையில் இருக்கும் எழுத்தும் எண்ணும் எந்தப் பாஷைக்காரருக்கும் ஒன்றுதான். "ஹேங் ஹோ கயா" என்று சொல்வதைவிட அந்தப் போட்டோ பத்து மடங்கு பேசும்.

ரிப்பேர் என்ற பெயரில் மெஷினைக் கெடுத்துவிட்டுக் கடைக்காரர் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. தமிழிலும் பேசலாம். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கோளாறு நடந்து இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. குடியிருக்கும் ஊரிலேயே, அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் தந்த வசதி. ஊரில் லீவுக்குப் போனபோது வாங்கிய லாப்டாப்புக்காகத் திருநெல்வேலிக்கு வாய்தா வாய்தாவாக ஓடவேண்டாம், மும்பையிலேயே போடலாம். ஜாப் ஷீட்டும் பில்லும் பத்திரமாக இருந்தால்தான் இதெல்லாம்.

தமிழ் எழுத்து தகராறு

ஒரு கோளாறுக்கு மட்டும் லாமிங்டன் ரோட்டில் வைத்தியம் கிடைப்பது அரிது. ஊரிலிருந்து பத்திர விவரம் என்று ஒரு ஃபைல் வருகிறது. மும்பையில் திறந்தால் தமிழைக் காணோம். "j", "k", அரைப்புள்ளி, அடைப்புக்குறி என்று இங்கிலீஷ் எழுத்தும் குறிகளும் கலந்துகட்டி இறைந்து கிடக்கின்றன. கடைப் பையன் பார்க்கிறான். அவனுக்குத் தமிழும் தெரியாது. "வைரஸ் ஹை. ஃபார்மட்!"

வைரஸ் இல்லை. ஊரில் டி.டி.பி. சென்டரில் அதைப் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அந்த நாளில் கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ் எழுத்துக்குத்தான் இடம் இருந்தது. அந்த இடத்திலேயே தமிழ் எழுத்தை உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு எழுத்துருக்காரரும் வேறு வேறு இடத்தில் உட்காரவைத்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத மெஷினில், அடியில் இருக்கும் இங்கிலீஷ் எழுத்து எட்டிப்பார்க்கிறது. ஃபைல் பத்திரமாகத்தான் இருக்கிறது.

தமிழுக்கென்று சொந்த இடம் ஒதுக்கியது யூனிகோடு. 1991-லேயே ஒதுக்கிவிட்டது. விண்டோஸ் 2000-ல் லதா என்ற எழுத்துருவோடு தமிழ் வந்தது. தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடை ஏற்று உத்தரவு போட்டது. ஆனாலும் அச்சகங்களும் டி.டி.பி. சென்டர்களும் பழைய பழக்கத்தை அவ்வளவு லேசில் விடவில்லை.

இப்படி ஒரு ஃபைல் வந்தால், அனுப்பியவரிடம் எழுத்துருவின் பெயரைக் கேட்கவேண்டும். அதைப் போட்டுக்கொண்டால் தமிழ் தெரியும். அல்லது "பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள்" என்று சொன்னால் போதும், எழுத்துருவும் அதற்குள்ளேயே சேர்ந்து வந்துவிடும். திருத்தி எழுதவேண்டிய ஃபைல் என்றால், பழைய எழுத்தை யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு பெயர், சர்வே எண், தொகை மூன்றையும் ஒருமுறை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துவிடுவது அவசியம். கொம்பும் காலும் இடம் மாறுவது உண்டு.

புதிதாகத் தமிழில் அடிக்க விரும்புகிறவர்கள் கடையில் எதையும் வாங்கவேண்டியதில்லை. விண்டோஸ் செட்டிங்சில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால், 1999-ல் அரசு வகுத்த தமிழ்99 பலகையும், "அம்மா" என்பதை இங்கிலீஷ் எழுத்திலேயே தட்டித் தமிழாக்கும் பலகையும் கிடைக்கும். விண்டோஸ் பொத்தானையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் இங்கிலீஷிலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து இங்கிலீஷுக்கும் மாறிக்கொள்ளலாம்.